இறந்த வண்டுகள் ஆடிய நாடகம்



எட்டாந் தரத்து மாணவன் ஒருவனின் விஞ்ஞானக் கொப்பி மூன்று மாத காலம் என் மேசை லாச்சிக்குட் கிடந்தது. ஆசிரியர் ஒருவர் அதனைப் பறித்து வந்து என்னிடம் ஒப்படைத்திருந்தார். வண்டின் உடலமைப்பை வரைந்து உறுப்புக்களின் பெயர்களைக் குறிக்க வேண்டிய பக்கத்திலே, பையன் ஓர் இறந்த வண்டின் சவ ஊர்வலத்தை வரைந்து வைத்திருந்தான். எறும்புகள் பாடை சுமந்தன. சிள்வண்டொன்று பறை முழக்கிற்று. இறந்த வண்டோ பாடையில் எழுந்திருந்து, தன்னைச் சுமப்போருக்குக் கை நீட்டி வழி காட்டிக்கொண்டிருந்தது. "இது என்ன விகாரம்?" என்று கடிந்து, கொப்பியை நான் வைத்துக்கொண்டேன். அவன் மறுமொழி ஒன்றுங் கூறவில்லை. அதன் பின் எந்தக் கொப்பியிலும் அவன் படம் வரையவுமில்லை. ஒழுக்கம் நிலைநாட்டப்பட்டது என்றே அப்பொழுது நான் எண்ணினேன்.

அவ்வெண்ணம் ஒருநாள் எங்கள் கணினி அறையிலே குலைந்தது. பூச்சிகளைப் பற்றிய பாடத்துக்கு உதவக்கூடிய படங்களை இணையத்திலே தேடிக்கொண்டிருந்த இளம் ஆசிரியர் ஒருவர், "இதனைச் சற்றுப் பாருங்கள்" என்று என்னை அழைத்தார். திரையிலே வண்டொன்று பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, மனைவியிடம் விடைபெற்றுப் பட்டணத்துக்குப் புறப்பட்டது. அப்படம் 1912ஆம் ஆண்டில் ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. 'கமராக்காரனின் பழிவாங்கல்' என்பது அதன் பெயரின் பொருள். அதில் நடித்தவை யாவும் பூச்சிகள். அவையாவும் இறந்த பூச்சிகள்.

இவ்விந்தையைச் செய்தவர் லடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் என்பவர். போலந்துக் குடும்பமொன்றிலே 1882இல் மொஸ்கோவிற் பிறந்தவர். அக்காலத்தில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்ததும், இன்று லித்துவேனியாவில் உள்ளதுமான கௌனாஸ் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையிலே கடமையாற்றியவர். மான்கொம்பு போன்ற தாடைகளையுடைய வண்டுகள் இரண்டு ஒன்றோடொன்று பொருதுவதைப் படமாக்க அவர் விரும்பினார். அவ்வண்டுகளோ இரவிலே உலாவுவன. படமெடுக்க விளக்கை ஏற்றியதும் அவை அசைவற்றுக் கிடந்தன. பல முறை முயன்றும் பயனில்லை. ஈற்றில், இறந்த வண்டுகளின் கால்களைக் கழற்றி, அவ்விடத்தில் மெல்லிய கம்பிகளை அரக்கினால் ஒட்டினார். உயிருள்ள வண்டு செய்ய மறுத்ததை உயிரற்ற வண்டைக்கொண்டு செய்வித்தார்.

அது எவ்வாறு இயலும் என்று நீங்கள் வினவலாம். வண்டை ஒரு நிலையில் நிறுத்தி ஒரு படம் எடுக்கவேண்டும். பின்னர் அதன் காலை ஒரு நூலளவு நகர்த்தி மற்றொரு படம் எடுக்கவேண்டும். இப்படங்களைத் தொடர்ச்சியாக விரைந்து காட்டும்போது, நம் கண்ணும் மனமும் அவற்றை ஓர் அசைவாகவே கொள்கின்றன. மௌனப் படக் காலத்திலே ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடின. பிற்காலத்திலே 24 என்பது வழக்கமாயிற்று. 16 என்று கொண்டாலும், பன்னிரண்டு நிமிடம் ஓடும் படத்துக்கு 11,520 படங்கள் வேண்டும். ஒவ்வொரு நிலையையும் இருமுறை படம் பிடித்தாரெனினும், 5,760 தடவை அப்பூச்சிகளின் கால்களையும் உணர்கொம்புகளையும் விரல் நுனியால் நகர்த்தவேண்டும். இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். அந்த அசைவு எடுக்கப்பட்ட படங்களில் எதிலுமே இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலேதான் அது இருக்கின்றது. கமரா ஒருபோதுங் காணாத அசைவை நாம் காண்கின்றோம்.

இனி அப்படத்தின் கதையைக் கேளுங்கள். வண்டுக் கணவர் பட்டணத்திலே நாட்டியமாடும் தும்பியொன்றிடம் மனத்தைப் பறிகொடுக்கின்றார். அத்தும்பியை விரும்பிய வெட்டுக்கிளி ஒரு கமராக்காரன். அவன் அவர்களைப் பின்தொடர்ந்து, விடுதிக் கதவின் சாவித்துவாரம் வழியாகப் படமெடுத்து விடுகின்றான். வீட்டிலிருந்த மனைவியும் குற்றமற்றவள் அல்லள். சித்திரக்காரப் பூச்சி ஒன்றோடு அவள் பொழுது போக்குகின்றாள். அதனைக் கண்டு பெருஞ்சினங் கொண்ட கணவர், பின்னர் பெருந்தன்மையோடு மன்னித்து, அவளைப் படம் பார்க்க அழைத்துச் செல்கின்றார். அங்கே திரையில் ஓடுவது அவருடைய கள்ளத்தனமே! தம் குற்றத்தை மறைத்துப் பிறர் குற்றத்தைத் தண்டிக்கும் மனிதனை இதைவிடக் கூர்மையாக நகையாடிய படங்கள் சிலவே. மனிதர் நடித்திருந்தால் நாம் முகஞ் சுளித்திருப்போம். பூச்சிகள் நடிப்பதால் முதலிற் சிரிக்கின்றோம். பின்பே நம்மை நாம் காண்கின்றோம்.

ரஷ்யப் புரட்சியின் பின்னர் ஸ்டாரெவிச் பிரான்சிலே குடியேறினார். அங்கே மகள் ஒருத்தியின் துணையோடு தொடர்ந்து படங்கள் செய்து, 1965இற் காலமானார். அக்காலத்துப் படங்களுள் 1933இல் எடுக்கப்பட்ட ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. வறிய தாயொருத்தி பொம்மைகள் தைத்துப் பிழைக்கின்றாள். நோயுற்ற அவள் மகள் தோடம்பழம் ஒன்று கேட்கின்றாள், வாங்கப் பணமில்லை. தாயின் கண்ணீர்த் துளியொன்று தைத்துக்கொண்டிருந்த நாய்ப் பொம்மையினுள் விழ, அது உயிர் பெறுகின்றது. விற்பனைக்காகக் கொண்டு செல்லப்பட்ட அந்நாய் தோடம்பழம் ஒன்றைத் தேடிப் பெற்று, இரவிலே வீடு நோக்கி வருகின்றது. வழியிலே பிசாசின் களியாட்டம் நடக்கின்றது. குப்பையிலே கிடந்த மீன் முள்ளும் கோழி எலும்பும் எழுந்து கூத்தாடுகின்றன. இவையனைத்தையும் கடந்து, பழத்தைக் குழந்தையிடம் கொண்டு சேர்க்கின்றது நாய். அச்சந்தரும் அந்த இரவு இல்லையேல், அந்தப் பழத்துக்கு அத்துணை இனிமை ஏது?

இத்தகைய கலை ஒருவரோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவிலே வால்ற் டிஸ்னியின் நிறுவனம் 1929இல் எலும்புக்கூடுகள் நடனமாடும் சித்திரப் படமொன்றை வெளியிட்டது. செக் நாட்டவரான யான் ஷ்வாங்க்மாயர் 1982இல் உரையாடலைப் பற்றிய ஒரு படஞ் செய்தார். அதிலே காய்கனிகளால் ஆன தலையும், சமையற் கருவிகளால் ஆன தலையும், எழுதுபொருள்களால் ஆன தலையும் ஒன்றையொன்று விழுங்கி உமிழ்கின்றன. விழுங்குந்தோறும் பொருள்கள் நொறுங்குகின்றன. முடிவில் எல்லாத் தலைகளும் ஒரே அச்சில் வார்த்த களிமண் தலைகளாகி விடுகின்றன. பிறர் கூறுவதைச் செவிமடாது தன் கருத்தை மட்டும் திணிப்பவர்களின் உரையாடல் எங்கே போய் முடியும் என்பதை இதனிலும் சுருக்கமாகக் கூற முடியுமா? காய்கனிகளை அடுக்கி மனித முகம் தீட்டிய ஆர்சிம்போல்டோ என்னும் 16ஆம் நூற்றாண்டு ஓவியரின் வழியை இங்கே காணலாம். அவ்வோவியர் பணியாற்றிய அரசவை இருந்த பிராக் நகரமே இவரும் பிறந்த ஊர்.

"இவையெல்லாம் மேனாட்டார் கோணல்கள், நமக்கு ஒவ்வா" என்று சொல்வோரும் உளர். நானும் அவ்வாறு சொன்னவனே. ஆயின், கலிங்கத்துப்பரணியைக் கற்பித்தவன் அவ்வாறு சொல்லலாமா? போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அட்டு உண்ணும் காட்சியிலே அச்சமும் நகையும் பிரிக்கவொண்ணாது கலந்திருக்கின்றன. பேயுருவை விரும்பி ஏற்ற காரைக்காலம்மையார், இறைவன் ஆடும் இடமாகச் சுடுகாட்டைப் பாடினார். பொலன்னறுவையிலே கிடைத்த அம்மையாரின் வெண்கலத் திருவுருவம், என்பும் தோலுமாய்க் கையிலே தாளத்தோடு அமர்ந்திருக்கின்றது. அதனை விகாரம் என்று யாரேனும் ஒதுக்கினரா?

விகாரமான யாவும் கலையாகி விடா என்பதும் உண்மையே. இணையத்திலே வெறும் குருதியைக் காட்டி அதிர்ச்சியூட்டும் படங்களும் மலிந்து கிடக்கின்றன. அவற்றை வேறுபிரிக்க நான் கையாளும் உரைகல் எளியது. படம் முடிந்த பின் மனத்திலே அருவருப்பு மட்டும் எஞ்சினால் அதனை விட்டுவிடுகின்றேன்; ஒரு வினா எஞ்சினால் அது கலை என்று கொள்கின்றேன். தேடும் முறையும் ஒன்றுண்டு. 'விந்தைப் படம்' என்று பொதுவாகத் தேடினால் குப்பையே முன்னே வரும். படைத்தவரின் பெயரையும் ஆண்டையும் கொண்டு தேடுதல் நன்று. 1996இல் அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட இணைய ஆவணக் காப்பகம் போன்ற இடங்களிலே பழைய படங்கள் பலவற்றைப் பணமின்றிப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்டுமுன் பெரியவர்கள் ஒருமுறை பார்த்துவிடுதல் முறையாகும்.

இனி, அந்தக் கொப்பியின் கதைக்கு வருவோம். பையனை அழைத்து அதனைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்குமுன், அன்று கேட்டிருக்கவேண்டிய வினாவைக் கேட்டேன்: "இறந்த வண்டு ஏன் எழுந்து வழி காட்டுகின்றது?" நெடுநேரம் நிலத்தைப் பார்த்து நின்றவன், பின்பு கூறினான். மாரிகாலத்திலே அவனுடைய அப்பம்மா இறந்துபோனார். ஒழுங்கைகளில் வெள்ளம் நின்றமையால், பாடை சுமந்தவர்கள் எவ்வழியாற் போவதென்று அறியாது சந்தியிலே தரித்து வாதாடினார்களாம். ஊரிலுள்ள ஒழுங்கைகள் அனைத்தையும் அறிந்தவர் அப்பம்மா ஒருவரே. அவர் எழுந்து சொல்லிவிட்டுப் படுத்திருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியதாம்.

கொப்பியை அவன் கையிலே வைத்தேன். என் பிழையையும் அவனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் மீண்டும் வரையத் தொடங்கினானா என்பதை நான் இன்னும் கேட்கவில்லை; கேட்டு அவசரப்படுத்தவும் விரும்பவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையின் கொப்பியிலும் இத்தகைய சித்திரம் ஒன்று இருக்கக்கூடும். அதனைக் கிழிக்குமுன், அது என்ன என்று ஒரு சொற் கேளுங்கள்.