அடுப்பை யார் பற்றவைத்தது?

நியூயார்க் நகரின் லெக்சிங்டன் அவென்யூவில் 'கறி ஹில்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இட்லி, தோசை விற்கும் தென்னிந்தியச் சைவ உணவகங்கள் சில, யூதர்களுக்கான கோஷர் சான்றிதழ் வாங்கி நடந்திருக்கின்றன. கறியும் மீனும் உள்ளே நுழையாத கடைக்குச் சான்றிதழ் எதற்கு என்று நமக்குத் தோன்றும். பன்றி கூடாது, இறைச்சியும் பாலும் சேரக் கூடாது என்பதோடு யூத உணவு விதிகள் முடிந்துவிடுவதில்லை. பொருள் முழுக்கச் சைவமே ஆனாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: சமைத்தது யார்?

யூதரல்லாதவர் சமைத்த உணவுக்கு 'பிஷுல் அக்கும்' என்று பெயர். அதை உண்ணக் கூடாது. அதனால்தான் விதியைக் கறாராகப் பார்க்கும் சமையலறைகளில் 'மஷ்கியா' எனப்படும் யூத மேற்பார்வையாளர் காலையிலேயே வந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். அந்த நெருப்பில் பிறகு யார் கரண்டி பிடித்தாலும் பெரும்பாலான ஐரோப்பிய வழி யூதர்களுக்கு அது ஏற்புடைய உணவுதான்.

விதி பழையது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, பிறர் கறந்த பால், அவர்களுடைய ரொட்டி, எண்ணெய், வேகவைத்த பண்டங்கள் என்று விலக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றைத் தருகிறது. இதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா என்று, மிஷ்னாவை விவாதிக்கும் தால்முத் தேடிப் பார்க்கிறது. கடைசியில், இது அறிஞர்கள் போட்ட கட்டு என்று ஒப்புக்கொள்கிறது. எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும். காரணத்தை 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி இரண்டு இடங்களில் சொல்கிறார். ஓரிடத்தில், விலக்கப்பட்ட பொருள் கலந்துவிடலாம் என்ற அச்சம். இன்னோரிடத்தில், கலப்பு மணம். பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைக்காத வழக்கம் நம் ஊரிலும் உண்டல்லவா? சோறு உறவைக் கொண்டுவரும் என்பதை அந்த அறிஞர்களும் அறிந்திருந்தார்கள். சிதறிக் கிடந்த சிறு சமூகம் கரைந்துபோகாமல் இருக்க அவர்கள் போட்ட வேலி இது.

காரணம் உறவு என்பதால் விலக்குகளும் அதையொட்டியே அமைந்தன. பச்சையாக உண்ணக்கூடியதைப் பிறர் வேகவைத்தாலும் தடையில்லை. அரசனின் விருந்துக்கு ஏறாத எளிய பண்டத்துக்கும் தடையில்லை. அப்படி ஒன்றைச் செய்துவிட்டு யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை என்று 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் விளக்கம் தருகிறார். உப்பில் ஊறியதும் புகையில் பதமானதும் சமையல் கணக்கில் வராது. காபி ஐரோப்பாவுக்கு வந்தபோது, கொட்டை தண்ணீருக்குள் அடங்கிவிடுகிறது என்று சொல்லி அனுமதித்தார்கள். உருளைக்கிழங்கு வறுவல் அரச விருந்துக்குரியதா என்ற கேள்வியை இன்றைய ராபிகளும் (யூத மதகுருக்களும்) விவாதித்திருக்கிறார்கள். எண்ணெய்த் தடையோ 3-ஆம் நூற்றாண்டிலேயே நீங்கிவிட்டது. யூதா நெசியா என்ற தலைவரின் அவை அதை எடுத்தது. அந்தத் தடை மக்களிடையே வேரூன்றவே இல்லை. மக்களில் பெரும்பாலோர் தாங்க முடியாத கட்டளையைப் பிறப்பிக்கக் கூடாது என்பது அவர்கள் மதித்த நெறி.

யூதர் எவ்வளவு பங்கெடுத்தால் போதும் என்பதில்தான் இன்றுவரை வேறுபாடு. 1565-இல் வெனிஸில் அச்சான 'ஷுல்ஹான் அரூக்' என்னும் சட்டநூலில் யோசேஃப் காரோ, யூதரே பாத்திரத்தை அடுப்பில் ஏற்ற வேண்டும், அல்லது சமையலிலேயே கை கொடுக்க வேண்டும் என்கிறார். ஸ்பெயின் வழி வந்த செஃபார்டி யூதர்கள் அவர் வழி. கிராக்கோ நகரின் மோசே இஸர்லெஸோ நெருப்பை மூட்டினால் போதும், எரிகிற தீயில் ஒரு சுள்ளியைப் போட்டாலும் போதும் என்கிறார். அரைகுறையாக வெந்ததற்கு அளவு சொல்லத் தால்முத் ஒரு திருடனின் பெயரைப் பயன்படுத்துகிறது. பென் த்ருசாய் என்பவன் ஓட்டத்திலேயே வாழ்ந்தவன், முழுக்க வேகும்வரை காத்திருக்க மாட்டானாம். அவன் சாப்பிடும் பதம் ராஷிக்கு மூன்றில் ஒரு பங்கு வேக்காடு, மைமோனிடிஸுக்குப் பாதி. அந்தப் பதம்வரை யூதர் சமைத்துவிட்டால், மீதியை யார் முடித்தாலும் குற்றமில்லை.

இஸர்லெஸின் இன்னொரு குறிப்பும் வாழ்க்கையை அறிந்து எழுதியது. யூதர் வீட்டில் வேலைக்காரப் பெண் சமைப்பதை அவர் அனுமதிக்கிறார். வீட்டார் யாராவது ஒருவர் போகிற போக்கில் தீயைக் கொஞ்சம் கிளறிவிடாமல் இருக்க மாட்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். அந்தச் சுள்ளியின் நீட்சியாக இன்று சில அடுமனைகளில், யூதர் போட்டுவைத்த சூடு தரும் ஒரு மின்விளக்கு அடுப்புக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே 'தீட்டு' என்ற சொல் நினைவுக்கு வராமல் இருக்காது. யார் கையால் சமைத்தது என்ற கேள்வி நம் மண்ணில் எத்தனை பேரைப் பந்திக்கு வெளியே நிறுத்தியது என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்த விதியில் நறுக்குவதும் அரைப்பதும் பரிமாறுவதும் யார் கையாகவும் இருக்கலாம். கேள்வி நெருப்போடு நிற்கிறது. அதற்காக இதில் வலியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அன்போடு அழைத்த அண்டை வீட்டுக்காரரின் சமையலை மறுப்பது இருவருக்கும் கஷ்டம்தான்.

திராட்சை ரசத்தில், தீட்டுக்கும் இந்த விதிக்கும் உள்ள வேறுபாடும் மங்கிவிடுகிறது. கொதிக்கவைக்காத ஒயினை யூதரல்லாதவர் கையாண்டாலே அது விலக்கப்பட்டதாகிவிடும். 2018-இல் இஸ்ரேலின் பெரிய ஒயின் ஆலை ஒன்றில், எத்தியோப்பிய வம்சாவளித் தொழிலாளர்கள் ஒயினைத் தொடும் வேலையிலிருந்து மாற்றப்பட்டது தெரியவந்தது. கடும்போக்குச் சான்றளிப்பு அமைப்பு ஒன்று அவர்கள் யூதர்கள்தானா என்று ஐயப்பட்டதே காரணம். எந்த வேலியானாலும் அஞ்ச வேண்டிய இடம் இதுதான். சமூகத்தைக் காக்க எழுதிய விதி, அதே சமூகத்தின் கறுப்பு மனிதர்கள் மீது திரும்பியது.

எத்தியோப்பிய யூதர்கள் யூதர்களே என்று ராபி ஒவாதியா யோசேஃப் 1973-இலேயே தீர்ப்பளித்திருந்தார். 2018-இல் தலைமை ராபியாக இருந்த அவருடைய மகன் யித்ஸாக் யோசேஃப், ஆலையில் நடந்தது அப்பட்டமான இனவெறி என்று கண்டித்தார்.