சாக்கெட் 370 தாய்ப்பலகையில் செயலி மேம்படுத்தல்

சாக்கெட் 370 என்பது இன்டெல் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் செலரான் செயலிகளுக்கென அறிமுகப்படுத்திய செயலிப் பொருத்துவாய் ஆகும். 370 என்பது அதிலுள்ள ஊசித் துளைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். பின்னர் வந்த பென்டியம் III செயலிகளும் இதில் அமர்ந்தன. எனினும், துளையில் அமரும் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு தாய்ப்பலகையிலும் இயங்குவதில்லை. மேம்படுத்தலில் எழும் சிக்கல்களிற் பெரும்பாலானவை இதனாலேயே தோன்றுகின்றன.

தேவை

ஐஎஸ்ஏ வகை அட்டைகளால் கட்டுப்படுத்தப்படும் எந்திரங்களுக்குப் புதிய கணினிகள் பொருந்துவதில்லை. எனவே, பழைய தாய்ப்பலகையையே பேணி, செயலியை மட்டும் மாற்ற வேண்டிய நிலை ஏற்படுகிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய செயலியை வாங்குவோர், அதன் தலைமுறையை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று.

செயலித் தலைமுறைகள்

* மெண்டோசினோ: 0.25 மைக்ரான், 2.0 வோல்ட்டு, 66 மெகாஹெர்ட்சு பாட்டை.
* காப்பர்மைன்: 0.18 மைக்ரான், பெரும்பாலும் 1.5 முதல் 1.75 வோல்ட்டு வரை. 66, 100 அல்லது 133 மெகாஹெர்ட்சு பாட்டை.
* துவாலட்டின் (2001): 0.13 மைக்ரான், ஏறத்தாழ 1.5 வோல்ட்டு, 100 அல்லது 133 மெகாஹெர்ட்சு பாட்டை.

இயங்காமைக்கான காரணங்கள்

மின்னழுத்தம்: செயலி தனக்கு வேண்டிய மின்னழுத்தத்தைச் சில ஊசிகளின் வழியே தாய்ப்பலகைக்குத் தெரிவிக்கும். பலகையின் மின்சீராக்கியால் அவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் தர இயலாவிடில் கணினி தொடங்காது.

ஊசி அமைப்பு: துவாலட்டினில் சில ஊசிகளின் பணியும் சைகை மின்னழுத்தமும் மாற்றப்பட்டன. ஆகவே, பழைய பலகைகளில் அதனைப் பயன்படுத்த இடைப்பொருத்தி தேவைப்படும்.

பாட்டை வேகம்: இச்செயலிகளின் பெருக்கெண் பூட்டப்பட்டது. 133 மெகாஹெர்ட்சு பாட்டைக்குரிய 1000 மெகாஹெர்ட்சு செயலியின் பெருக்கெண் 7.5 ஆகும். அதனை 100 மெகாஹெர்ட்சு பாட்டையில் இட்டால் 750 மெகாஹெர்ட்சில் மட்டுமே இயங்கும். இது செயலியின் பழுதன்று.

பயாஸ்: பழைய பயாஸ் புதிய செயலியை அறியாது. பயாஸைப் பழைய செயலி இருக்கும்போதே புதுப்பித்தல் வேண்டும். மாற்றிய பின்னர் கணினி தொடங்காவிடில் அதற்கு வழியிராது.

பழுதறியும் முறை

1. பழைய செயலியை மீண்டும் பொருத்துக. கணினி இயங்கினால் பலகை பெரும்பாலும் நலமாக உள்ளது எனக் கொள்ளலாம்.
2. செயலியின் மீது "எஸ்எல்" எனத் தொடங்கும் குறியீட்டைக் கொண்டு அதன் தலைமுறை, மின்னழுத்தம், பாட்டை வேகம் ஆகியவற்றை அறிந்து, பலகையின் கையேட்டுடன் ஒப்பிடுக.
3. மின்வடத்தைக் கழற்றிய பின், சீமாஸ் நினைவகத்தை அழிக்கும் இணைப்பியைப் பயன்படுத்திப் பழைய அமைப்புகளை நீக்குக.
4. செயலி, ஒரு நினைவகத் தகடு, காட்சி அட்டை ஆகியவற்றை மட்டும் வைத்துச் சோதிக்க.
5. அப்போதும் திரை இருண்டிருந்தால், மின்சாரத்தை நிறுத்தி நினைவகத்தையும் நீக்கிவிட்டு மீண்டும் இயக்குக. ஒலிபெருக்கி பிழையொலி எழுப்பினால், செயலி பயாஸ் கட்டளைகளை நிறைவேற்றுகிறது என்பது உறுதி.
6. செயலியைச் சுற்றியுள்ள மின்தேக்கிகளின் மேற்பகுதி உப்பியோ கசிந்தோ இருந்தால் அவற்றை மாற்றுக. 2000ஆம் ஆண்டையொட்டிய பலகைகளில் இக்குறை பரவலாகக் காணப்பட்டது.

எச்சரிக்கை

காப்பர்மைன் செயலியின் சிலிக்கன் சில்லு மூடப்படாதது. வெப்பவாங்கியைச் சாய்வாக அழுத்தினால் சில்லின் விளிம்பு உடைந்து, செயலி மீளாப் பழுதடையக்கூடும். வெப்பவாங்கியின்றிக் கணினியை ஒரு நொடியேனும் இயக்கலாகாது.