உப்பு வண்டிகளை எண்ணிய மகளிர்: புறநானூற்றில் பாரி மகளிரின் பாத்திர வளர்ச்சி

முன்னுரை

தந்தையை இழந்த இளம்பெண் தலைமை மாந்தராக அமையும் துப்பறியும் புதினங்களில், குற்றத்தின் மறைபொருள் வெளிப்படுவதும் அவள் உள்ளம் முதிர்வதும் ஒருசேர நிகழ்வதுண்டு. இவ்வமைப்பிற்கு நெருங்கிய ஒன்றைப் புறநானூற்றில் பாரி மகளிர் தொடர்பான பாடல்களில் காணலாம். பாரி எவ்வாறு வீழ்த்தப்பட்டான் என்பதை அவை நேராகக் கூறுவதில்லை. அம்மகளிரின் பாத்திர வளர்ச்சியை 116, 112ஆம் பாடல்களின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. தொகைநூலின் வரிசை நிகழ்ச்சி வரிசை அன்று என்பது கருதத்தக்கது.

எண்ணும் மகளிர்

மரக்காணத்து உப்பளங்களில் உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி இன்றும் உப்பு விளைவிக்கின்றனர். இவ்வூரைச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமாக ஆய்வாளர் கருதுவர். நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்றனர். உமணர் புதல்வரோடு மந்தி கிலுகிலி ஆடும் மகிழ்ச்சியான காட்சியையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கொடையையும் அந்நூலே பாடுகிறது.

அத்தகைய உப்பு வண்டிகளே 116ஆம் பாடலில் துயரின் அளவுகோலாகின்றன. பாரி வாழ்ந்த நாளில் அவன் மகளிர் மலையுச்சியில் ஏறிப் பகைவேந்தரின் குதிரைகளை எண்ணினர். இப்போது சிறுவீட்டின் அருகே ஈத்திலைக் குப்பைமேல் ஏறி உமணரின் வண்டிகளை எண்ணுகின்றனர். எண்ணும் பழக்கம் மாறவில்லை. ஏறி நிற்கும் இடமும் எண்ணப்படும் பொருளும் மாறிவிட்டன. இதனைக் கண்டு நொந்து தம் வாழ்நாள் தேய்க என்பவர் கபிலரே; மகளிர் அழுததாக அப்பாடலில் குறிப்பில்லை. அவர்தம் திருமணத்தின் பொருட்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் பேசுபவரும் (200-202) அவரே. இவற்றில் மகளிர் பிறரால் பார்க்கப்படுபவராகவும் பேசப்படுபவராகவுமே உள்ளனர்.

பேசும் மகளிர்

112ஆம் பாடலில் அவர்தம் குரல் ஒலிக்கிறது. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் தம்மிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்று பிறர் கையில், தந்தையும் இல்லை. ஒப்பாரியோ வசையோ இல்லை. ஆயினும், வென்று முழங்கும் முரசையுடையவர் எனப் பகைவேந்தரைச் சுட்டுவதைப் பழைய உரையாசிரியர் இகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்கிறார். போரால் வெல்லாது வஞ்சித்து வென்றமை அவர் காட்டும் காரணம். பறம்பைப் படையால் கொள்ள இயலாது, பாடி இரந்தால் பெறலாம் என்னும் கபிலரின் 109ஆம் பாடல் இவ்விளக்கத்திற்கு அரண் செய்கிறது. புகழ்மொழி போன்ற அத்தொடரே குற்றம் காட்டும் துப்பாகிறது.

முடிவுரை

குதிரைகளையும் வண்டிகளையும் எண்ணிய மகளிர், 112இல் இழப்பை எண்ணிக் காட்டி, இழப்பிற்குக் காரணமானோரையும் சுட்டுகின்றனர். துயர் நீங்குவது அன்று, துயரைத் தம் சொல்லால் ஆள்வதே இப்பாத்திரங்களின் வளர்ச்சி எனலாம். கபிலரின் இரக்கத்தின்வழி மட்டும் இவர்களை நோக்கின் ஆதரவற்ற மகளிராகவே தோன்றுவர். அவர்தம் பாடலையும் உடன்வைத்து நோக்கின் நடந்ததை அறிந்துரைக்கும் சான்றினராகத் தோன்றுவர்.