கூடி எரிக்கும் சூளை

ஊறுகாய் ஜாடியில் உப்பும் புளிப்பும் எண்ணெயும் மாதக்கணக்கில் கிடந்தாலும் வெளியே ஒரு சொட்டுக் கசியாது. கோடையில் தண்ணீர் ஊற்றி வைக்கும் மண்பானையோ மேலெல்லாம் ஈரம் பூத்திருக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால்தான் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. இரண்டும் களிமண்தான். கிராமத்துச் சூளையில் பானை ஏறத்தாழ 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகிறது. மண்ணில் நுண்துளைகள் அப்படியே இருக்கின்றன. ஜாடிக்கு 1200 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூட்டைத் தாங்கும் களிமண்ணில் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, துளைகளை அடைத்துவிடுகிறது. தொழிலில் இதை ஸ்டோன்வேர் என்பார்கள்.

ஸ்டோன்வேரைக் கையால் வனைகிறவர்கள் இன்று இந்தியாவின் பல நகரங்களில் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே கற்றார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனால், பல தடங்கள் புதுச்சேரியில் வந்து சேரும். 1971-ல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற அமெரிக்கர் இருவர் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறைதான் அந்த இடம். டெபோரா ஜப்பானின் பிஸென் நகரில் மண்வேலை பயின்றவர். பூச்சே இல்லாமல், விறகுத் தீயும் சாம்பலும் தீட்டும் நிறத்தை நம்பிப் பாண்டம் செய்யும் ஊர் அது. ரே, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலையும் மண்பாண்டக் கலையும் படித்தவர்.

வனைகிற கைகளுக்குப் புதுச்சேரியில் என்றுமே பஞ்சமில்லை. பக்கத்து அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-ல் அகழ்ந்தபோது, ரோமிலிருந்து வந்த பாண்டங்களோடு உள்ளூர்ப் பானை ஓடுகளும் குவியல் குவியலாகக் கிடைத்தன. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அவ்வூரின் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அந்தத் தொழில் குடும்பத்துக்குள் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போவது. வெளியாள் ஒருவர் போய், 'எனக்கும் கற்றுக்கொடுங்கள்' என்று சக்கரத்தின் முன் உட்காரும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. புதிய பட்டறை அந்த வாசலைத் திறந்தது. முதலில் உள்ளூர் ஆட்களைப் பணிக்கு எடுத்து வனையக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் சிலர் பிறகு சொந்தமாகவே பட்டறை வைத்தார்கள். புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்துக் கடைகளில் இன்று ஸ்டோன்வேர் கோப்பையும் தட்டும் சாதாரணமாகக் கிடைப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. 1980களில் வெளியூர் மாணவர்களும் வரத் தொடங்கினார்கள்.

புதிதாக வருகிறவரை முதலில் மண் பிசையச் சொல்வார்கள். சக்கரத்தில் உட்கார ஆசைப்பட்டு வந்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மண்ணுக்குள் காற்றுக் குமிழியோ கட்டியோ இருந்தால் வனையும்போது சுவர் கோணிவிடும். அடுத்தது மையப்படுத்துதல். சுழலும் சக்கரத்தின் நடுவில் மண் உருண்டையை அறைந்து வைத்து, அது சற்றும் ஆடாமல் சுற்றும்படி செய்வது. பார்ப்பதற்கு எளிது. உட்கார்ந்தவர் கையை வைத்ததும் மண் அவர் கையைத் தள்ளத் தொடங்கும். எல்லாரும் செய்வது ஒன்றுதான்: மண் ஆடுகிற பக்கமெல்லாம் கையும் கூடவே ஆடும். ஆசிரியர் குனிந்து, மாணவரின் இடது முழங்கையைத் தொடையோடு அழுத்தி வைப்பார். இப்போது கை அசையாது. அசைய வேண்டியது மண் மட்டும். உள்ளங்கை ஒரே இடத்தில் நிற்க, துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளப்பட்டு, திடீரென்று ஆட்டம் அடங்கும். சக்கரம் சுற்றுவதே தெரியாது.

இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு ஈரம், எப்போது கையை எடுப்பது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று தொட்டுக் காட்ட ஒருவர் இருந்தால்தான் பிடிபடும். கட்டைவிரலால் நடுவில் குழித்து, அடியை அழுத்தி விட்டு, உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாகச் சுவரை மேலே இழுப்பார்கள். அடியை அழுத்த மறந்தால், காயும்போது அங்கே விரிசல் விழும். நன்றாக வந்துவிட்டது என்று மாணவர் மகிழ்ந்திருக்கும் கிண்ணத்தை ஆசிரியர் கம்பியால் நடுவே அறுத்துக் காட்டுவதும் உண்டு. மேலே மெலிந்தும் கீழே தடித்தும் இருக்கும் சுவரைக் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த கிண்ணத்தில் விரல்களே அதைத் தேடும். அறுத்த மண் வீணாவதில்லை; ஊறவைத்துப் பிசைந்தால் மறுபடி மண்தான்.

சுட்ட பிறகு அது நடக்காது. ஏறத்தாழ 500 டிகிரியைத் தாண்டும்போது, களிமண் தன் அமைப்புக்குள்ளேயே பிடித்துவைத்திருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது குழையாது. 573 டிகிரியில் மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும்; ஆறும்போது அதே புள்ளியில் சுருங்கும். அவசரப்பட்டால் பாண்டம் வெடிக்கும். ஈர மண்ணில் வனைந்த கோப்பை, முழுச் சூட்டில் வெந்து வரும்போது எட்டில் ஒரு பங்கு வரை சிறுத்திருக்கும். அதற்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் வனைய வேண்டும்.

மேலே மின்னும் பூச்சும் கண்ணாடிதான். மணற்சத்தான சிலிக்கா தனியாக உருக 1700 டிகிரி வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் பொட்டாஷும் சேர்ந்தால் அது 1200, 1300 டிகிரியிலேயே உருகும். விறகுச் சாம்பலில் இந்த இரண்டும் உண்டு. அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பூச்சில் சேர்க்கலாம் என்று தெரிந்துகொள்ளும் நாள், பல மாணவர்களுக்கு வேதியியலே புரிந்த நாள். இரும்புச் சத்தின் கதை இன்னும் விசேஷம். பூச்சில் அது ஓரிரு சதவீதம் இருந்து, சூளையில் பிராணவாயுவும் குறைவாக இருந்தால், வெளிர்பச்சையான செலடான் கிடைக்கும். எட்டு, பத்து சதவீதம் இருந்தால் கருமையும் காவியுமான டென்மோகு.

ஒரு பெரிய சூளையை நிரப்ப ஒருவருடைய கை போதாது. நூற்றுக்கணக்கில் பாண்டம் வேண்டும், அடுக்க ஆள் வேண்டும், பல மணி நேரம் விறகு தள்ள முறை வைக்க வேண்டும். சூட்டைக் காட்டக் கூம்பு வடிவத்தில் சிறு மண்கட்டிகளை உள்ளே வைத்திருப்பார்கள். துளை வழியே ஒருவர் பார்த்து, கூம்பு தலை சாய்ந்துவிட்டதா என்று சொல்ல, மற்றவர் விறகைக் கூட்டுவார், குறைப்பார். நேற்று வந்த மாணவரும் பல ஆண்டு அனுபவம் உள்ளவரும் அன்று ஒரே வேலையில் நிற்பார்கள். மண்பாண்டப் பட்டறைகள் தாமாகவே பொதுக்கூடங்களாக மாறுவதற்குச் சூளையே முதல் காரணம் என்று தோன்றுகிறது.

ரே மீக்கர் சூளையை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். 1980களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேல், பச்சை மண்கல்லால் வளைகூரை வீடு கட்டி, அதற்குள்ளேயே செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரித்தார். உள்ளே வெந்த சாமான்களை விற்றால் விறகுச் செலவு ஈடாகும் என்பது கணக்கு. முறை பரவவில்லை. ஆனாலும் அரைகுறை மனதோடு செய்த சோதனை அல்ல அது. ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அப்படி எழுந்தன.

பட்டறையின் பெரிய விளைச்சல் அதன் மாணவர்கள். கட்டடக் கலைஞராக இருந்து மண்ணுக்கு வந்த ஆதில் ரைட்டர், ஆரோவில்லின் மண்டலா பட்டறையில் வேலை செய்கிறார். வினீத் கக்கர், மாத்வி சுப்பிரமணியன், அஞ்சனி கன்னா ஆகியோரும் இங்கே பயின்றவர்களே. 2018-ல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் இந்தியாவின் முதல் செராமிக்ஸ் டிரையென்னாலே என்ற மண்கலைக் கண்காட்சியைக் கூட்டிய ஆறு கலைஞர்களில் இந்த மூவரும் உண்டு.

இந்தப் புகழ் பக்கத்து ஊர் வேளாரின் சக்கரத்தை மறைத்துவிடக் கூடாது. ஸ்டோன்வேர் கோப்பைக்கு நல்ல விலை கொடுப்பவர்கள் மண்சட்டிக்குப் பேரம் பேசுவது நியாயமே இல்லை. புதுச்சேரிக்குப் போனால் ஒரு கோப்பையைத் தலைகீழாகத் திருப்பி, பூச்சில்லாத அடிவட்டத்தையும் செய்தவர் முத்திரையையும் பாருங்கள். பிறகு வில்லியனூருக்கும் போய், கேட்ட விலையைக் கொடுத்து ஒரு சுடுமண் பொருள் வாங்கி வாருங்கள்.