பாஸ்போர்ட்டிலும் வருணமா?

சீமான் வீட்டுச் செல்வர் துபாய்க்குப் புறப்படுகிறார். விசா வாங்குகிறார், விமானம் ஏறுகிறார், வானில் பறக்கிறார். அதே துபாய்க்குச் செங்கல் சுமக்கப் புறப்படும் நம் தோழனோ, அந்த நாடு விசா தந்த பிறகும் நிற்கிறான். அவனை நிறுத்துவது அயல்நாடு அல்ல. அவன் பிறந்த நாடு!

“பத்தாம் வகுப்புத் தேறினாயா?” என்று கேட்கிறார்கள். இல்லையென்றால் அவன் பாஸ்போர்ட்டில் ‘இ.சி.ஆர்.’ என்று மூன்றெழுத்து முத்திரை. சவூதி, குவைத்து, கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அவன் தனி அனுமதி பெற்றாக வேண்டும். வருமான வரி கட்டுபவருக்கோ, படிக்காவிட்டாலும் விலக்கு! பணமிருந்தால் படிப்பு வேண்டாம். பணமில்லாதவனிடம் மட்டும் சான்றிதழ் கேட்பார்களாம். எப்படி இருக்கிறது நீதி?

2018 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முத்திரை பெற்றவனுக்கு ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட். மற்றவர்க்கு நீலம் என்றார்கள். வருணம் என்றாலே நிறம்தானே! எதிர்ப்பு எழுந்தது, அந்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. நிறம் போயிற்று, முத்திரை போகவில்லை.

சோதனையே கூடாது என்கிறோமா? இல்லை, தோழர்களே! 1983ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக்கென்று வந்தது. ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கும் கட்டணம் 30,000 ரூபாயையும் அதற்கான வரியையும் தாண்டக் கூடாது. வேலை ஒப்பந்தம் வேண்டும். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு வேண்டும். நல்லவைதான்!

ஆனால், சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு இந்த அனுமதி தேவையில்லை. அந்த ஓட்டை வழியேதான் நுழைகிறான் கள்ள ஏஜெண்டு. “முதலில் விசிட் விசாவில் போ, தம்பி, அங்கே மாற்றிக் கொள்ளலாம்” என்கிறான். தாலியும் நிலமும் அடகுக்குப் போகின்றன. போய் இறங்கியவனுக்கு ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை. வேலை செய்தாலோ, அந்நாட்டுச் சட்டப்படி குற்றவாளி! ஏமாற்றியவன் இங்கே உலவுகிறான். ஏமாந்தவன் அங்கே ஒளிகிறான்.

ஆளவந்தாரைக் கேட்கிறோம்: முத்திரை குத்த வேண்டியது உழைப்பவன் ஏட்டிலா, ஊரை ஏய்ப்பவன் நெற்றியிலா?

அவர்கள் விடை சொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். படிப்பகத் தோழர்களே! உங்கள் தெருவிலிருந்து ஒருவன் கடல் கடக்கக் கிளம்பினால் மூன்று கேள்வி கேளுங்கள். ஏஜெண்டின் பதிவு எண் என்ன? ஒப்பந்தம் எங்கே? விசா வேலைக்கா, வேடிக்கைக்கா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு அவனை வழியனுப்புங்கள்!