சரக்கு பத்திரம், சீட்டுதான் கிழிந்தது

மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து கடைவீதிக்கு வரும் வழியில் நான் வழக்கமாகப் பிரிண்ட் எடுக்கும் ஜெராக்ஸ் கடை ஒன்று உண்டு. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூன் மாதம். ஒரு அம்மா கடைப் பையனிடம் செல்போனை நீட்டினார். "தம்பி, பொண்ணோட மதிப்பெண் பட்டியலை மெயில்ல அனுப்பியிருக்காங்க. தொட்டா தொறக்கவே மாட்டேங்குது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்பா."

பையன் அதைத் தன் கணினிக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தான். இணைப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சமன் குறி, ஒரு கேள்விக்குறி, 'யூடிஎஃப்-8', மறுபடி கேள்விக்குறி, பிறகு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான கோர்வை. அதுவும் பாதியில் அறுந்து நின்றது. "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுக்கா, திருப்பி அனுப்பச் சொல்லுங்க" என்றான். அந்த அம்மா மூன்று முறை போன் போட்டார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

அந்த ஃபைல் கரப்ட் ஆகவே இல்லை. நான் அதைக் கணினியில் இறக்கி, பெயரை மாற்றி, கடைசியில் ஒரு புள்ளியும் 'பிடிஎஃப்' என்ற மூன்று ஆங்கில எழுத்தும் சேர்த்ததும் முத்திரையோடும் கையெழுத்தோடும் பட்டியல் முழுதாகத் திறந்தது. திறக்காத கோப்பு எல்லாவற்றையும் 'கரப்ட்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். அதற்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கோப்பின் ஒரு பைட்டுக்கூடச் சேதமாகியிருக்காது. மேலே ஒட்டிய சீட்டுதான் கிழிந்திருக்கும்.

இதை மொரப்பூரில் விளக்குவது எளிது. இங்கிருந்து தருமபுரிக்கு 1906-ல் இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். பின்னால் அது ஓசூர் வரை நீண்டது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலத்துக்குப் போகும் பெரிய பாதையோ ஐந்தரை அடி அகலம். அதில் வந்த பெட்டி இதில் ஏறாது. எனவே சரக்கை இங்கே இறக்கி, சின்ன வண்டியில் மாற்றி ஏற்றியாக வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாதையை எடுத்துவிட்டார்கள். இப்படி மாற்றி ஏற்றும் எந்த இடத்திலும் மூட்டைக்குள் என்ன இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் படிப்பார்கள். மெயிலும் அப்படித்தான்.

மெயில் ஓடும் தண்டவாளம் குறுகலானது. மெயில் அனுப்பும் முறைக்கு ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதிய எஸ்எம்டிபி விதி ஏழு பிட் குறிகளுக்கு மட்டுமே இடம் தந்தது. அதாவது மொத்தம் 128 குறிகள். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் அது போதும். தமிழுக்கும் படத்துக்கும் பாட்டுக்கும் அதில் இடமில்லை. பத்து ஆண்டு கழித்து நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 'மைம்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய மெயிலில் அவருடைய நால்வர் பாட்டுக் குழுவின் படமும் பாட்டும் இணைப்பாகப் போயின. இன்று நாம் அனுப்பும் இணைப்பு எல்லாம் அந்த வழிதான்.

அவர்கள் தண்டவாளத்தை அகலமாக்கவில்லை. சரக்கை அதற்கேற்பக் கட்டினார்கள். கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு சாதாரண எழுத்தாக மாற்றி, வரிக்கு 76 எழுத்துக்கு மிகாமல் அடுக்கி அனுப்புவார்கள். இதற்கு 'பேஸ்64' என்று பெயர். சுமை மூன்றில் ஒரு பங்கு கூடும். 20 எம்பி கோப்பு வழியில் 27 எம்பி ஆகி, 25 எம்பிக்கு மேல் ஏற்காத சர்வரில் தடுக்கி நிற்பது இதனால்தான். இந்தக் கட்டின் தலையில் இரண்டு வரிச் சீட்டு இருக்கும். உள்ளே இருப்பது என்ன வகை என்று ஒரு வரி, அதன் பெயர் என்ன என்று இன்னொரு வரி. அனுப்பும் மென்பொருளுக்கு வகை தெரியாவிட்டால் 'ஆக்டெட் ஸ்ட்ரீம்' என்று எழுதிவிடும். 'ஏதோ பைட்டுகள்' என்பதற்கு மேல் அதில் பொருளில்லை. அப்படி ஒரு சீட்டோடு, பெயரின் வாலும் போய் வந்து சேர்ந்தால் உங்கள் போனுக்கு எந்தச் செயலியால் திறப்பது என்று தெரியாது.

பெயர் வரியில்தான் தமிழுக்கு அடி விழுகிறது. சீட்டும் அந்த 128 குறிகளுக்குள்தான் எழுதப்பட வேண்டும். எனவே தமிழ்ப் பெயரையும் கட்டித்தான் அனுப்ப வேண்டும். 1996-ல் வந்த விதி ஒரு கட்டு 75 குறிக்கு மேல் நீளக் கூடாது என்கிறது. தொடக்க, முடிவு அடையாளங்கள் 12 குறி போக, ஒரு கட்டில் 45 பைட் கொள்ளும். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அப்படியானால் ஒரு கட்டுக்குப் பதினைந்து குறி. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மதிப்பெண் பட்டியல்' என்பது நம் கண்ணுக்குப் பத்து எழுத்து. கணினிக்கு அது 17 குறி, 51 பைட். நடுவில் உள்ள இடைவெளியும் 'பிடிஎஃப்' வாலும் சேர்ந்தால் 56. ஒரே கட்டில் அடங்காது. இரண்டாக வெட்டியே ஆக வேண்டும். 'மார்க்‌ஷீட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்த வேலையே இல்லை.

கோப்பின் வகையைச் சொல்லும் அந்த மூன்றெழுத்து வால் இரண்டாவது கட்டின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. வழியில் எந்த மென்பொருளாவது முதல் கட்டை மட்டும் படித்துவிட்டு நகர்ந்தால் தொலைவது வால்தான். அந்த அம்மாவின் மெயிலில் நடந்தது இதுவே. இன்னொரு வகையும் உண்டு. இணைப்பின் பெயருக்கு இந்த முறை ஆகாது, வேறு முறைதான் என்று 1997-ல் தனி விதி வந்தது. அது ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறி போட்டு எழுதும். சில மென்பொருள்கள் பழையதையே அனுப்புகின்றன, சில புதியதை மட்டுமே படிக்கின்றன. இரண்டும் சந்திக்காத இடத்தில் பெயர் 'நோநேம்' ஆகிறது.

கிறுக்கல்போலத் தெரியும் பெயரைப் படிக்கவும் ஒரு வழி இருக்கிறது. கட்டிய தமிழ்ப் பெயர் பெரும்பாலும் '4', பெரிய 'கே', '6' என்ற மூன்று குறியில் தொடங்கும். சதவீதக் கட்டாக இருந்தால் சதவீதக் குறி, 'ஈ', பூஜ்யம் மீண்டும் மீண்டும் வரும். தலையில் சாய்ந்த கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், தமிழ் யூனிகோடை ஏதோ ஒரு மென்பொருள் மேற்கு ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிட்டது என்று பொருள். இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் உள்ளே நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது என்று தைரியமாக நம்பலாம்.

சரி, சீட்டே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியின் முதல் சில எழுத்தைப் பாருங்கள். எதையும் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். சதவீதக் குறியை அடுத்து 'பி டி எஃப்' என்றிருந்தால் பிடிஎஃப். 'பி கே' என்றிருந்தால் அது ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்து. இன்றைய வேர்டு, எக்ஸெல் கோப்புகளும் உள்ளுக்குள் ஜிப் பொட்டலங்களே, அதனால் அவற்றிலும் 'பி கே'தான் இருக்கும். வேர்டு கோப்பு ஜிப் என்ற பெயரில் வந்து இறங்குவதும் இதனால்தான். பெயர் மாற்றினால் போதும். இரண்டு புள்ளி வைத்த 'ஒய்'யும் குறுக்குக் கோடு போட்ட 'ஓ'வும் நின்றால் ஜேபெக் புகைப்படம். 'எச்டிஎம்எல்' என்ற எழுத்துகள் தெரிந்தால் கோப்பே வரவில்லை. அதற்குப் பதில் ஏதோ லாகின் பக்கம் இறங்கியிருக்கிறது.

'ஜே வி பி ஈ ஆர்' என்று தொடங்கிப் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து ஓடினால், அது கட்டைப் பிரிக்காமலே கையில் கொடுக்கப்பட்ட பிடிஎஃப். அளவும் இதையே சொல்லும். அனுப்பியவரிடம் 300 கேபி, உங்களிடம் 400 கேபி என்றால் கட்டு பிரியவில்லை. உங்களிடம் 120 கேபிதான் என்றால் சரக்கே பாதியில் நின்றுவிட்டது. அதை எந்த வித்தையாலும் முழுதாகத் திறக்க முடியாது. சிக்னல் உள்ள இடத்தில் நின்று மறுபடி இறக்கிப் பாருங்கள், அதிலும் குறைந்தால் மட்டும் அனுப்பியவரைக் கேளுங்கள். போன் போடும்போது முதலில் அளவைக் கேட்பது பாதி வேலையை முடித்துவிடும்.

வழியில் ஏற்படும் சேதத்தைக் கண்டுபிடிக்கவே தன் முகப்பைச் செதுக்கிக்கொண்ட ஒரு வடிவமும் உண்டு. பிஎன்ஜி படத்தின் முதல் பைட் வேண்டுமென்றே ஏழு பிட்டுக்குள் அடங்காததாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்து சில பைட் தள்ளி வரிமுடிவுக் குறிகளையும் வைத்திருக்கிறார்கள். எட்டாவது பிட்டை யாராவது வெட்டினாலோ வரிமுடிவை மாற்றினாலோ முதல் எட்டு பைட்டிலேயே தெரிந்துவிடும். நான் பார்த்து வியந்த சிறு வேலைப்பாடுகளில் இது ஒன்று.

அலுவலக மெயில்களில் 'வின்மெயில் டாட் டேட்' என்று ஒரு கோப்பு வரும். அவுட்லுக்கில் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவத்தில் எழுதினால் மைக்ரோசாஃப்டின் தனிப் பெட்டிக்குள் இணைப்பெல்லாம் போய்விடும். மற்ற பல மென்பொருள்களிடம் அதற்குச் சாவி இல்லை. அனுப்புகிறவர் 'எச்டிஎம்எல்'லுக்கு மாற்றினால் தீர்ந்தது.

கோப்பு திறந்த பிறகும் ஒரு தொல்லை நமக்கென்றே இருக்கிறது. வேர்டு திறக்கிறது, 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜே கே பி ஓ' என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கின்றன. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்துவிடும். இங்கே மெயில் மேல் ஒரு தப்பும் இல்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் எழுத்துருக் குறியீட்டைத் தரப்படுத்த முயன்றார்கள். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளிலும் அலுவலகங்களிலும் பழைய எழுத்துரு இன்னும் ஓடுகிறது. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் யூனிகோடாகிவிடும். அனுப்புகிறவர் பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துருவும் உள்ளே சேர்ந்து வரும், கண்ணால் படிக்கலாம். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் பழையபடி ஆங்கில எழுத்துதான்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெயர் மாற்றும் வேலையைத் தெரிந்தவர் அனுப்பிய, நீங்கள் எதிர்பார்த்த கோப்புக்கு மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் வழக்கமாக வாலை மறைத்துக் காட்டும். 'பில் டாட் பிடிஎஃப்' என்று தெரிவதற்குப் பின்னால் 'இஎக்ஸ்இ' ஒளிந்திருக்கலாம். முகம் தெரியாதவர் அனுப்பியதைத் தொடவே வேண்டாம்.

கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வை, பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவசரத்துக்கு அது சரி, நானும் சொல்வேன். ஆனால் பத்தெழுத்துத் தமிழ்ப் பெயரைச் சுமக்கத் தெரியாத மென்பொருளின் குறையை, மகளின் பட்டியலுக்காக வெயிலில் நிற்கும் அம்மாவின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சீட்டிலேயே தமிழை அப்படியே எழுதலாம் என்று 2012-லேயே விதி வந்துவிட்டது. வழியில் உள்ள சர்வர் எல்லாம் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. மொரப்பூர் – தருமபுரிக்கு அகலப் பாதையே போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பாதையில் வண்டி ஓடினால் நடுவில் இறக்கி ஏற்றும் வேலை இராது. மெயிலுக்கு வேண்டியதும் அதுதான்.

அன்று பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அந்த அம்மா தருமபுரி பஸ்ஸுக்கு ஓடினார். நான் கடையில் உட்கார்ந்தே, அனுப்பிய இடத்துக்கு ஒரு மெயில் எழுதினேன். "நீங்கள் மொத்தமாக மெயில் அனுப்பும் மென்பொருள் தமிழ்க் கோப்புப் பெயரைப் பாதியில் வெட்டுகிறது. இணைப்பின் பெயரை 1997 விதிப்படி எழுதச் சொல்லுங்கள், வகை வரியில் ஆக்டெட் ஸ்ட்ரீமுக்குப் பதில் பிடிஎஃப் என்று போடச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளுக்கும் இப்படியே போயிருக்கும். இன்றே ஒரு வரி தகவல் அனுப்புங்கள், கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, பெயரின் கடைசியில் பிடிஎஃப் சேர்த்தால் திறக்கும் என்று."