கடைமடைக் குறிப்புகள்: காவிரி முடிகிற இடத்தில் ஒரு படகு

சென்ற வாரம் கோடிக்கரைக் காட்டில் பாலை மரங்களுக்கு நடுவே வெளிமான்களைப் பார்த்தோம். இந்த வாரம் வேதாரண்யத்திலிருந்து மேற்கே போவோம். தோப்புத்துறை, வாய்மேடு, இடும்பாவனம், தில்லைவிளாகம் என்று ஊர் ஊராகக் கடந்து போகும் சாலைக்குத் தெற்கே, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல், ஒரு பெருஞ்சதுப்பு கூடவே வந்துகொண்டிருக்கிறது. கோடிக்கரையில் தொடங்கும் அந்தச் சதுப்பு முத்துப்பேட்டைக் காயலில் போய் முடிகிறது. வேதாரண்யம் நாகப்பட்டினம் மாவட்டம், முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டம். ஆனால் நீர் ஒன்றுதான். 2002 ஆகஸ்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இதற்கு உலக மதிப்பு கிடைத்தபோதும் கோடிக்கரைச் சரணாலயம், உப்பளங்களை ஒட்டிய சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர் ஒரே தலமாகத்தான் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் அது.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வேதாரண்யம் கடலில் முழுக்குப் போட வருகிறவர்கள் ஏராளம். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. பொன்னியின் செல்வன் படித்துவிட்டுப் பூங்குழலியின் ஊரைத் தேடிக் கோடிக்கரைக்கு வருகிற இளைஞர்களை இப்போது நிறையவே பார்க்கலாம். இவர்களில் மிகச் சிலரே காயல்வரை போகிறார்கள். அது பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. காவிரி கடைசியில் என்னவாகிறது என்பதைப் படகில் உட்கார்ந்தபடியே பார்க்க இதைவிட நல்ல இடம் டெல்டாவில் இல்லை.

படகு ஏறும் இடம் ஜாம்பவானோடை. முத்துப்பேட்டை தர்கா என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது இந்த ஊரில் உள்ள தர்காவைத்தான். கந்தூரிக் காலத்தில் எல்லா மதத்தாரும் வந்து கூடுகிற இடம். வனத்துறையின் அனுமதி வாங்கிக்கொண்டு, உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஃபைபர் படகில் கோரையாற்றில் இறங்கினால் முதல் அரைமணி நேரம் சாதாரண டெல்டாக் காட்சிதான்: தென்னை, கரையில் காயும் வலை, துணி துவைக்கும் படிக்கட்டு. பிறகு தென்னை நின்றுவிடுகிறது. கரை தாழ்ந்து சேறாகிறது. இரண்டு பக்கமும் சாம்பல் கலந்த பச்சையில் அலையாத்தி தொடங்குகிறது.

இந்தப் படகை ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் காயலில் மீன் பிடித்து வளர்ந்தவர்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரிவதில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கழி ஊன்றிப் படகைக் கரையோரம் ஒதுக்கினார் ஒருவர். ஒரு கிளையை வளைத்துப் பிடித்து, “இலையை நக்கிப் பாருங்க சார்” என்றார். இலைமேல் வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்தால் சுத்தமான உப்பு. வேரால் உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. காற்றில் நீர் காய்ந்து உப்பு மட்டும் இலையில் நிற்கிறது. மரத்தடியில் சேற்றைக் கிழித்துக்கொண்டு பென்சில்களை நட்டுவைத்தாற்போல ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. காற்றே புகாத சேற்றுக்குள் இருக்கும் வேர், இவற்றின் வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. அவற்றுக்கு நடுவே ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் வளைக்குள் ஓடி ஒளிகின்றன. சற்றுத் தள்ளி ஒரு தில்லை மரம். அதன் கிளையை மட்டும் படகுக்காரர் தொடவிடவில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பிச்சாவரம் போய்வந்தவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே கால் பரப்பி நிற்கும் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே குறுகிய கால்வாய்களில் படகு நுழைந்து நுழைந்து போகும். இங்கே அப்படி இல்லை. கரை முழுக்க ஏறக்குறைய ஒரே மரம், அந்த உப்புத் தள்ளும் அலையாத்தி. சுரபுன்னை அரிது. காரணம் நீரின் உப்பு. எவ்வளவு கரித்தாலும் தாங்குகிற மரம் நின்றுவிட்டது, தாங்காதவை ஒதுங்கிவிட்டன. ஆக, இந்தக் கரையில் எந்த மரம் இருக்கிறது என்று பார்ப்பதே, காவிரி இங்கே எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்ப்பதுதான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றில் இறங்குகிறது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடியும் பிரிந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. மன்னார்குடி வழியாக வரும் பாமணியாறும், நாம் படகில் போகும் கோரையாறும், இன்னும் கிளைதாங்கியாறு, மரைக்காக் கோரையாறு போன்ற சிற்றாறுகளும் இந்தக் காயலில்தான் வந்து விழுகின்றன. அணை திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28 என்பது டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். வயலுக்குப் பாய்ந்து வடிந்த நீரும், ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்து வந்தால் காயல் நன்னீர் கலந்து இளகும். தை போய் மாசி வந்தால் வரத்து நின்றுவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு ஆள் இடுப்பளவு ஆழம்கூடப் பல இடங்களில் இல்லாத இந்தக் காயல் காய்ந்து, கடலைவிட அதிகமாகக் கரிக்கத் தொடங்கும்.

கடல் வந்து கழுவிவிடாதா என்று கேட்கலாம். பாக் நீரிணையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் மிகக் குறைவு. காயலின் முகத்துவாரமும் மணல் தட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் கடல் வந்துபோவதில் கிடைக்கும் சுத்தம் போதவே போதாது. மேலிருந்து வரும் ஆறு தள்ளினால்தான் உண்டு.

‘காவிரி நீர் கடலில் வீணாகக் கலக்கிறது’ என்ற தலைப்பை ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் பார்க்கிறோம். கடைமடை விவசாயி கருகும் பயிரைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொன்னால் அந்த வலி புரிகிறது. ஆனால் கோரையாற்றில் படகில் போய்வந்த பிறகு அந்த ‘வீணாக’ என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடலுக்குப் போகிற வழியில்தான் அந்த நீர் இந்தக் காட்டை உயிரோடு வைத்திருக்கிறது, கொடுவாயையும் மடவையையும் இறாலையும் வளர்க்கிறது. “புதுத்தண்ணி எறங்கிட்டா போதும் சார், எறாலு தானா ஏறும்” என்று படகுக்காரர் சொன்னதில் ஒரு வருஷத்து வரவுசெலவே அடங்கியிருக்கிறது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உப்புநீர் ஆற்றில் ஏறி நிலத்தைக் கெடுக்காமலிருக்க விவசாயிக்குக் கடைசி சட்ரஸ், அதாவது கடைசி மதகு, மூடியிருக்க வேண்டும். மீனவருக்கு அதே சட்ரஸ் வழியாக நீர் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இருவர் கேட்பதும் நியாயம். இரண்டுக்கும் விடை மேலிருந்து வருகிற வரத்தில்தான் இருக்கிறது.

ஆறு முடிந்து காயல் திறக்கும் இடம் சட்டென்று வருகிறது. கரை இரண்டு பக்கமும் விலகி, எதிரே வெறும் நீரும் வானமும். பறவைக் காலம் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை. அந்த மாதங்களில் ஆழமற்ற பகுதிகளில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மீனை வளைத்துப் பிடிப்பதைப் பார்க்கலாம். கம்புகளின்மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். சேற்றுத் திட்டுகளில் உள்ளான்கள், ஆலாக்கள், கரண்டிவாயன்கள். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். நெருங்க நெருங்க அது பூநாரைகளாகப் பிரியும். தலையைக் கவிழ்த்து அலகின் மேல்பக்கம் கீழே வரும்படி நீருக்குள் விட்டு, அசைத்து அசைத்து, நுண்ணிய பாசியையும் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் சிறு உயிர்களையும் சல்லடை போல வடிகட்டித் தின்கிற பறவை அது. அதன் இளஞ்சிவப்பு முழுக்க அந்தத் தீனியிலிருந்து வருவது. ஒரு குறிப்பிட்ட தூரத்தைத் தாண்டிப் படகு போனால் முதலில் கழுத்துகள் எல்லாம் நிமிரும். அப்போதே படகை நிறுத்திவிட வேண்டும். நல்ல படகுக்காரர் நிறுத்திவிடுவார். இன்னும் கிட்டே போகச் சொல்லி, பறக்கவிட்டுப் படம் எடுக்க ஆசைப்படுகிற பயணிகள்தான் தொல்லை. நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு, தின்கிற நேரம் ஒவ்வொன்றும் திரும்பிப் போவதற்கான சேமிப்பு.

இந்தச் சதுப்பின் அருமையை வெளியுலகுக்கு உரக்கச் சொன்னவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1962இல் அவர் கோடிக்கரையின் முக்கியத்துவத்தை எடுத்துச்சொன்னார், 1967இல் சரணாலயம் வந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளைப் பிடித்து வளையமிட்டு அவற்றின் வழித்தடங்களை ஆராய்ந்தது. அலையாத்திக் காட்டுக்கு அத்தகைய அதிர்ஷ்டம் அப்போது கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அது வருமானம் தரும் விறகுக் காடு. கூப்பு எனும் வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து ஒட்ட வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. ஈரம் காய்ந்து மண் அமுங்கி நடுவில் பள்ளம் விழுந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, வெளியேற வழியின்றி வெயிலில் வற்றி, உப்பு மேல் உப்பாய்ச் சேர்ந்தது. விதை விழுந்தாலும் முளைக்காத களர் ஆயிற்று. வெட்டுவதை நிறுத்திய பிறகும் காடு திரும்பி வரவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கரையோரக் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வழி கண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் என்று மீன்முள் அமைப்பில் வெட்டினார்கள். தேங்கிய நீர் வடிந்தது, ஓதநீர் வந்து கழுவிப் போனது, கரையில் நட்ட விதைகள் பிடித்தன. படகிலிருந்து பார்த்தால் சில இடங்களில் வரிசை பிடித்து நிற்கும் மரங்கள் அந்த வாய்க்கால் கரைகளில் எழுந்தவை.

வாய்க்கால் வெட்டுவது இந்த மீனவர்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் வாய்க்கால் வெட்டிக் காயலோடு இணைத்து, ஓதத்தில் ஏறும் மீனை உள்ளே தடுத்துப் பிடிப்பது முத்துப்பேட்டைப் பகுதியின் பழைய தொழில்முறை. அந்த வாய்க்காலைத் தூர்வாரி வைத்திருப்பது அவர்கள் பிழைப்பு. மீனுக்காகத் திறந்துவைத்த அந்த வழியில்தான் காட்டுக்கும் நீரோட்டம் கிடைத்தது. படித்தவர்களின் மீன்முள் வாய்க்காலையும் மீனவர்களின் மீன் வாய்க்காலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது, இந்தக் காட்டைப் பற்றிய பாதி அறிவு தொண்டியக்காடு, துறைக்காடு போன்ற மீனவ ஊர்களில் ஏற்கெனவே இருந்தது என்பது தெளிவாகும்.

அதனால்தான் படகை விட்டு இறங்கியதும் நேரே பேருந்துக்கு ஓடாமல் அந்த ஊர்களுக்குப் போங்கள் என்கிறேன். தொண்டியக்காட்டில் காலையில் நண்டு எடை போடும் இடத்தில் நின்றால் போதும். கொடுக்குகளை உடம்போடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிய களிநண்டுகள் உயிரோடு கூடையில் நுரை கக்கிக்கொண்டிருக்கும். எடை பார்த்து, ஓட்டை அழுத்திப் பார்த்து, சதைப்பிடிப்புக்கு ஒரு விலை, ஓடு மாற்றிய இளநண்டுக்கு ஒரு விலை என்று ரகம் பிரிப்பார்கள். நல்ல நண்டு ஊரில் தங்காது, ஏற்றுமதிக்குப் போய்விடும்.

அங்கே பேச்சு எங்கு தொடங்கினாலும் கஜாவில் வந்து நிற்கும். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே அந்தப் புயல் கரை ஏறியது. அலையாத்திகள் இலையெல்லாம் உதிர்ந்து கருகி நின்றன, ஏராளமாக முறிந்து விழுந்தன. கோடிக்கரையின் மான்களும் மட்டக் குதிரைகளும் செத்து, காரைக்கால் கரைவரை ஒதுங்கின. தென்னையை நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தன. அலையாத்தியோ தன்பாட்டில் துளிர்த்து வந்தது, எல்லா இடத்திலும் அல்ல, நீரோட்டம் இருந்த இடங்களில்.

இறால் பண்ணைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணம் முழுமையாகாது. வயல்களும் கரையோரப் புறம்போக்குகளும் உப்புநீர்க் குளங்களாக மாறியபோது, காந்தியர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இந்தக் கடலோரக் கிராமத்தாரோடு நின்று போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மீண்டும் வழி திறந்துவிட்டது. காயலை ஒட்டிய பண்ணைகளின் வரப்புகளை இன்றும் படகிலிருந்தே பார்க்கலாம். ஜெகந்நாதன் பெயர் அங்கே எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்பட வேண்டும்.

படகுத்துறையில் கட்டண விவரம் இருக்கிறது, பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. இந்த ஆறு எங்கிருந்து வருகிறது, எந்த மாதத்தில் காயல் எவ்வளவு கரிக்கிறது என்று சொல்லும் ஒரு பலகையும் வைக்கலாம். தொண்டியக்காடு, ஜாம்பவானோடை இளைஞர்களுக்கு வனத்துறை முறையான பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினால் வருகிறவர்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் மீன் இல்லாத மாதங்களில் வருமானம்.

அடுத்த வாரம் இதே கோரையாற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம். மன்னார்குடி வட்டாரத்து வயல்களைக் கடந்து, மூணாறு தலைப்பில் நீர் பங்கிடுகிறவர்களைச் சந்திக்க வேண்டும்.

(தொடரும்)